‘தாய்மொழி தமிழ்’ என்ற கடிதம் செல்லாது: அந்நிய மொழிப் பாடத்துக்கு விலக்கு வாங்கிய அனுபவம்

அந்நிய மொழி ஒன்று படித்தே ஆக வேண்டும் என்ற ஃபாரின் லாங்குவேஜ் ரிக்வயர்மெண்ட்டுக்கு விலக்கு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் கேட்டது ஒரே ஒரு காகிதம்தான். அதை நம் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் சரியான வாசகத்தோடு வாங்குவதற்குள் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, அந்தப் பக்கம் மூணாறு, வண்டிப்பெரியார் என்று தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இனியும் போவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆந்திராவில் நகரி, குப்பம் பக்கம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

அங்கே பி.ஏ. முடிக்க அந்நிய மொழியில் இரண்டு முதல் நான்கு செமஸ்டர் வரை கேட்பது வழக்கம். ஆங்கிலம் தவிர வேறொரு மொழியில் பள்ளிப் படிப்பு படித்திருந்தால் பல இடங்களில் விலக்கு உண்டு. எந்த வகுப்பு வரை அந்த மொழியில் படித்திருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். முதலில் அந்த விதியை எழுத்தில் வாங்குங்கள். அட்வைசர் வாயால் சொல்வதை நம்பி இறங்க வேண்டாம். ‘இங்கே தமிழ் சொல்லித்தருவதில்லை, அதனால் விலக்கும் இல்லை’ என்றுதான் முதலில் பதில் வந்தது. விதியில் அப்படி ஒரு வரியே இல்லை. பல்கலைக்கழகத்தின் விதிகள் அச்சாகியிருக்கும் கேட்லாக்கில் இருந்த பத்தியை அப்படியே எடுத்து மெயிலில் ஒட்டி, ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தையும் அதில் சேர்த்து அனுப்பியதும் பேச்சு மாறியது.

அடுத்தது கடிதம். கேட்டதும் ஆபீஸில் நீட்டியது மொழிச் சிறுபான்மைச் சான்று. கேரள பி.எஸ்.சி.யில் தமிழ் தெரிந்தோருக்கான அரசு வேலைக்குக் கேட்டுக் கேட்டு, தமிழ் என்றதும் கிளார்க்குகளின் கை அங்கேதான் போகிறது. அது அமெரிக்காவில் ஒன்றுக்கும் உதவாது. அது பிறந்த வீட்டு மொழியைச் சொல்லும், பள்ளியில் எந்த மொழியில் படித்தோம் என்பதைச் சொல்லாது. இரண்டாவது வந்த கடிதத்தில் ‘இவரது தாய்மொழி தமிழ்’ என்று இருந்தது. அதுவும் திரும்பி வந்தது. பார்டரைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் தாய்மொழி தமிழாக இருந்தும் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு வேண்டியது பயிற்று மொழி, வகுப்பு வாரியாக.

ஆகவே வாசகத்தை நாமே ஆங்கிலத்தில் டைப் செய்து ஹெச்.எம்.மிடம் கொண்டுபோவதுதான் வழி. அதில் இருக்க வேண்டியவை: அட்மிஷன் நம்பர், பிறந்த தேதி, எந்தக் கல்வியாண்டு முதல் எந்த ஆண்டு வரை படித்தார், ஒன்று முதல் பத்து வரை கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும் தமிழ் வழியில் நடந்தன என்ற வரி, எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் மொழித் தாள் தமிழ் என்ற வரி. பாடங்களைப் பெயர் சொல்லி எழுதுவது முக்கியம். ‘தமிழ் வழி’ என்று மட்டும் இருந்தால், தமிழை ஒரு பாடமாகப் படித்திருக்கிறார் என்று அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். நாலாவது வரை ஒரு பள்ளி, அப்புறம் வேறு பள்ளி என்றால் இரண்டு கடிதம் வேண்டும். ஒரு ஹெச்.எம். மற்ற பள்ளிக்கும் சேர்த்து எழுதித் தர மாட்டார், தரவும் முடியாது. முத்திரை மலையாளத்தில் மட்டும் இருந்தால் அதற்கும் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். ஆங்கில முத்திரை இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். பெரும்பாலும் அலமாரியில் இருக்கும், எடுத்துக் குத்தத்தான் சோம்பல்.

இனி சொல்வதில்தான் நிறையப் பேர் மாட்டுவார்கள். அட்மிஷன் சமயத்தில் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதாமல் தப்பிக்க ‘ஆங்கில வழியில் படித்தவர்’ என்று ஒரு கடிதம் கொடுத்திருப்பீர்கள். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ ஆங்கில வழி என்பதால் அது பொய் இல்லை. ஆனால் அதே ஃபைலில் இப்போது ‘தமிழ் வழி’ என்று இன்னொரு கடிதம் போனால் இரண்டும் மோதும். விளக்கம் கேட்டு மெயில் வரும், சில இடங்களில் விலக்கே நிற்கும். அதனால் புதுக் கடிதத்திலேயே ‘1 முதல் 10 வரை தமிழ் வழி, 11, 12 ஆங்கில வழி, அதில் பார்ட் டூ மொழி தமிழ்’ என்று ஒரே பத்தியில் வந்துவிட வேண்டும். பார்ட் டூ என்பது ப்ளஸ் டூவில் ஆங்கிலத்தோடு எடுக்கும் இரண்டாம் மொழி. பார்ட் டூவில் மலையாளமோ ஹிந்தியோ எடுத்திருந்தால் அதை உள்ளபடியே போடுங்கள், பத்து வரை தமிழ் வழி என்பது அதனால் கெடாது. மார்க் ஷீட்டை மதிப்பிட்டுத் தரும் நிறுவனத்தின் அறிக்கையை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். அதில் பாடமும் கிரேடும் வரும், பயிற்று மொழி வரவில்லை.

கடிதத்தைப் பள்ளியிலிருந்து நேரடியாக மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். நம் அரசுப் பள்ளிகளுக்கு இருப்பது ஜிமெயில் முகவரி. அதைப் பள்ளியின் முகவரியாக ஏற்க மறுத்துவிட்டார்கள். கடைசியில் எடுபட்டது பழைய முறைதான்: கடிதத்தைக் கவரில் வைத்து, ஒட்டிய மடிப்பின் மேல் ஹெச்.எம். கையெழுத்தும் முத்திரையும் பாதி கவரிலும் பாதி மடிப்பிலும் விழும்படி போட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புவது. முடிந்தால் கல்வி அதிகாரியின் மேலொப்பமும் வாங்கி வையுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் சான்றிதழ்களைச் சரிபார்த்து முத்திரை வைக்கும் நோர்க்காவில் (கேரள அரசு அமைப்பு) அட்டெஸ்டேஷன், அப்போஸ்டில் என்று யாராவது கிளப்பினால், பல்கலைக்கழகம் எழுத்தில் கேட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேட்காமல் அதற்குப் பணத்தையும் நாளையும் செலவழிப்பது வீண்.

பெயர் விஷயம் ஒரு வரி: எஸ்.எஸ்.எல்.சி. புக்கில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் இருக்கும் பக்கத்தையும் ஸ்கேன் செய்து சேர்த்தால் கேள்வி எழாது.

கடிதம் எடுபடவில்லை என்றால் பரீட்சை. கல்லூரிக் கிரெடிட்டுக்காக அமெரிக்காவில் எழுதும் ஏ.பி., சி.எல்.இ.பி. தேர்வுகளில் தமிழ் கிடையாது, அங்கே தேட வேண்டாம். தமிழுக்கு இருப்பவை ஆக்ட்ஃபில் என்ற அமெரிக்க அமைப்பின் ஓ.பி.ஐ. என்ற பேச்சுத் தேர்வும், அவண்ட் என்ற நிறுவனம் நடத்தும் ஸ்டாம்ப் டபிள்யூ.எஸ். என்ற எழுத்து, பேச்சுத் தேர்வும். எதை ஏற்பார்கள், எந்த நிலை வேண்டும் என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். ஸ்டாம்ப்பில் கம்ப்யூட்டரில் தமிழ் டைப் செய்ய வேண்டும். ஃபோனில் தங்லீஷ் தட்டிப் பழகிய கைக்கு அது வராது, முன்பே பழகுங்கள்.

ஓ.பி.ஐ. என்பது பதினைந்து முதல் முப்பது நிமிடம் வரை நேரில் பேசுவது போன்ற உரையாடல். ஊர், வீடு என்று லேசாக ஆரம்பித்து, நடந்த ஒன்றை விவரிக்கச் சொல்லி, ஒரு சூழ்நிலையைக் கொடுத்து நடித்துப் பேசச் சொல்லி, கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே போவார்கள். எங்கே தடுமாறுகிறோம் என்று கண்டுபிடிப்பதுதான் அந்தத் தேர்வின் அமைப்பே. திணறியதும் தோற்றுவிட்டோம் என்று பதறி வாயை மூடிவிடாதீர்கள். ஒரு வரியில் பதில் சொன்னால் இண்டர்மீடியட் என்ற நடு நிலையைத் தாண்ட முடியாது. அதற்கு மேலான அட்வான்ஸ்டு நிலை வேண்டும் என்றால் முன்னது பின்னது சேர்த்துப் பத்தியாகப் பேச வேண்டும். நம் பாலக்காட்டுப் பேச்சில் தானாக வந்து விழும் ‘அவதி’, ‘பக்ஷே’ எல்லாம் தமிழ்நாட்டுக்காரர் காதில் வேறு மாதிரி கேட்கும். லீவு, ஆனால் என்று சொல்லிப் பழகுங்கள். செந்தமிழ் தேவையில்லை, நாம் பேசும் தமிழே போதும். தண்ணீர்ப் பிரச்சினை, பள்ளிக்கூடம், விவசாயம் பற்றி அபிப்பிராயம் கேட்டால் காரணத்தோடு சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

விலக்கு கிடைத்தது என்று மெயில் வந்ததோடு விட்டுவிடாதீர்கள். பட்டத்துக்கு வேண்டியவற்றில் எது முடிந்தது என்று காட்டும் டிகிரி ஆடிட்டில் ஏறும் வரை அது கணக்கில் இல்லை. எங்களுக்கும் மெயில் முதலில் வந்தது, ஆடிட்டில் அடுத்த செமஸ்டர் ரெஜிஸ்ட்ரேஷன் திறந்த பிறகும் காலியாகவே கிடந்தது. கேட்டுக் கேட்டுத்தான் ஏற்றினார்கள். இன்னொன்று: விலக்கு என்றால் பெரும்பாலும் கிரெடிட் வராது. அந்த மொழி வகுப்புகளில் சேர வேண்டிய கிரெடிட்டை எலெக்டிவ் எடுத்து நிரப்ப வேண்டும். மொத்தக் கிரெடிட்டைக் கூட்டிப் பார்த்து, எலெக்டிவ் பாடங்களைப் பதிவு தொடங்கும் அன்றே எடுத்துவிடுங்கள். நல்ல பாடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன.