இரண்டாவது கேள்வி

குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்துவது என் வேலை. முதன்மைத் தேர்வு முடிவு வந்த கையோடு வருவார்கள். கையில் டாஃப் எனப்படும் விரிவான விண்ணப்பப் படிவத்தின் நகல் ஒன்று, கேள்வி பதில் எழுதிய தடித்த நோட்டு ஒன்று. அந்த நோட்டை நிரப்பிக் கொடுத்ததில் முதல் சில வருடங்கள் எனக்கும் பங்கு உண்டு.

'ஏன் ஐ.ஏ.எஸ்.?' என்பதற்கு நானே ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு பெண் அதைத் தடங்கல் இல்லாமல் சொன்னார்: "மக்களோடு நேரடியாகப் பணியாற்ற வேண்டும்." மாதிரி நேர்காணல் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி, "சரிம்மா, வேலை பார்த்த நாலு வருஷத்துல சனி, ஞாயிறு உங்க கையிலதானே இருந்துச்சு. மக்களுக்காக என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் என்னைத்தான் பார்த்தார். நான் எழுதிய வாக்கியத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

அப்புறம் தனியாக உட்கார்ந்து பேசினோம். தான் செய்யும் வேலை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று கடைசிவரை தெரியாமலே இருந்ததுதான் அலுத்துவிட்டது என்றார். அதிகாரிக்குக் கிடைக்கும் மரியாதையும் ஒரு காரணம் என்று தயங்கிச் சொன்னார். இதையெல்லாம் ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான்தான் அவரைக் கேட்கவே இல்லையே.

முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 1750, ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணலுக்கு 275, ஆக மொத்தம் 2025 மதிப்பெண். அந்த 275-க்காக டெல்லி தோல்பூர் ஹவுஸில் சுமார் அரை மணி நேரம். எழுத்தில் ஏற்கெனவே சோதித்த அறிவை மறுபடி சோதிக்க அல்ல இந்தத் தேர்வு என்று தேர்வாணையமே தன் அறிவிக்கையில் சொல்கிறது. குழுவின் முன்னால் டாஃப் இருக்கும். ஊர், படிப்பு, வேலை, பொழுதுபோக்கு, எந்தப் பணி முதலில் வேண்டும் என்ற வரிசை, எல்லாம் நாமே எழுதிக் கொடுத்தவை. முதல் கேள்வி அதிலிருந்து வரலாம், அதற்குத் தயாராகவும் முடியும். இரண்டாவது கேள்வி நம் பதிலிலிருந்து பிறக்கும். அங்கே நோட்டு உதவாது.

இதை எனக்கு முழுசாகப் புரியவைத்தவர் தஞ்சைப் பக்கத்து இளைஞர் ஒருவர். டெல்டா விவசாயக் குடும்பம். காவிரி என்றால், கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டும் என்று நடுவர் மன்றம் 2007-இல் சொன்ன 192 டி.எம்.சி., உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன 177.25 டி.எம்.சி. என்று எல்லாம் விரல் நுனியில். "உங்களுக்கு ஐ.ஏ.எஸ்.ல கர்நாடக மாநிலம் ஒதுக்கி, அங்க மண்டியா மாவட்டத்துக்கு அனுப்புறாங்க. தண்ணி திறக்கக் கூடாதுன்னு விவசாயிங்க ரோட்டுல உட்கார்ந்திருக்காங்க. என்ன செய்வீங்க தம்பி?" என்று அதே அதிகாரி கேட்டார். தீர்ப்பைச் செயல்படுத்துவேன் என்றார். சட்டப்படி சரியான பதில்தான். ஆனால் குரல் ஏறிவிட்டது, எதிரே நிற்கிறவர்களைக் குற்றவாளிகள் மாதிரி பேசினார். பதிவைப் போட்டுக் காட்டியபோது, "நான் இப்படியா சார் பேசினேன்?" என்றார். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் வராமல் சம்பா கருகியதைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கோபம் இருக்கத்தான் செய்யும். கேள்வி வருவதற்கு முன்பே அந்தக் கோபம் தனக்குள் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேர்வாணையம் பார்க்கும் குணங்களில் 'சமநிலையான முடிவெடுக்கும் திறன்' ஒன்று. தன் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரியாதவர் எதை வைத்துச் சமன் செய்வார்?

இப்போதெல்லாம் முதல் வாரம் நோட்டை எடுக்க விடுவதில்லை. டாஃபை வரிவரியாகப் படித்து, இதை ஏன் எழுதினேன் என்று சொல்லச் சொல்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது, நேரம் போகிறதே என்று.

பத்து நாள் கழித்து அந்த இளைஞரிடம் அதே மண்டியா கேள்வி வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"தீர்ப்புப்படி தண்ணீர் போயாகணும் சார், அதில் மாற்றம் இல்லை. ஆனா முதல்ல அவங்க வயலைப் போய்ப் பார்ப்பேன். இதுவரைக்கும் எங்க அப்பா வயல்ல நின்னுதான் இந்தப் பிரச்சினையைப் பார்த்திருக்கேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா வயலைப் பத்திச் சொல்லுங்க" என்றார்.