டெமோ கிளாஸில் எதைக் கவனிப்பது? சென்னையில் பியானோ டீச்சர் தேடிய அனுபவம்

ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சென்னையில் பியானோ டீச்சர் தேடியபோது எது உதவியது, எங்கே நேரமும் பணமும் வீணானது என்பதைத் தேடிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

டீச்சருக்கு முன்னால் வாத்தியத்தை முடிவு செய்யுங்கள். 'பியானோ கிளாஸ்' என்று போர்டு மாட்டிய பல இடங்களில் உள்ளே இருப்பது 61 கட்டை கீபோர்டு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சொல்லிக்கொடுக்கும் பாடம் வேறு. கீபோர்டில் இடது கை பெரும்பாலும் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை) மட்டும் பிடிக்கும், தாளத்தையும் பேஸையும் (அடித்தளக் கீழ்ச்சுரத்தையும்) மெஷின் பார்த்துக்கொள்ளும். பியானோவில் இடது கைக்குத் தனிப் பாட்டே உண்டு. கிரேடு கிரேடாக இசைப் பரீட்சை நடத்தும் லண்டன் டிரினிட்டி காலேஜ்கூட இரண்டுக்கும் தனித்தனி சிலபஸ் வைத்திருக்கிறது. இரண்டு வருடம் கீபோர்டு படித்துவிட்டுப் பியானோவுக்கு மாறும் பிள்ளைக்கு வலது கை மூன்றாம் கிரேடில் இருக்கும், இடது கை முதல் மாதத்தில் இருக்கும். அதனால் போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பியானோ சிலபஸா, எலக்ட்ரானிக் கீபோர்டு சிலபஸா?" இதற்கு "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தால் அடுத்த நம்பருக்குப் போய்விடலாம்.

டீச்சர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் அவர்களுடைய பலமும் ஓரளவு பிடிபடும். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர்கள் நான்கு குரல் ஞானப்பாட்டை வாரா வாரம் பார்த்து வாசிப்பவர்கள். அவர்களிடம் படிக்கும் பிள்ளைக்கு நோட்டேஷன் பயம் போய்விடும். சினிமா ரெக்கார்டிங்கில் கீபோர்டு வாசிப்பவர்களுக்குக் காதும் கார்டும் அத்துபடி. இளையராஜா பாட்டை வாசிக்க ஆசைப்படும் பெரியவர்களுக்கு அவர்கள்தான் பொருத்தம், பிள்ளைப் புத்தகத்தோடு உட்கார வைக்க மாட்டார்கள். கன்சர்வேட்டரியில் (மேற்கத்திய இசைக் கல்லூரியில்) படித்துவிட்டு வந்த இளைஞர்கள் விரல், மணிக்கட்டு, ஒலியின் தரம் என்று நுணுக்கமாகப் போவார்கள், ஆனால் சின்னப் பிள்ளைகளிடம் சிலருக்குப் பொறுமை கம்மி. டிரினிட்டியின் ஏடிசிஎல், எல்டிசிஎல் பட்டயங்கள் கடைசிக் கிரேடான எட்டாம் கிரேடைத் தாண்டியவர் என்று சொல்லும். வாசிக்கத் தெரிந்தவர் என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். விசாரிக்க வாத்தியக் கடையும் நல்ல இடம். அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் மாதிரி இடங்களில் பியானோ டியூன் செய்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், யார் வீட்டுப் பியானோ தினமும் அடிபடுகிறது, யாருடையது பூட்டியே கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

போன் பேச்சில் பாதிதான் விளங்கும். டெமோ கிளாஸ் கேளுங்கள், காசு கொடுத்தாவது. கூடவே உட்கார அனுமதியும் கேளுங்கள். முதல் நிமிடத்திலேயே ஒன்று தெரிந்துவிடும்: ஸ்டூலின் உயரத்தை டீச்சர் சரிசெய்கிறாரா? முழங்கை கட்டை மட்டத்துக்கு வர வேண்டும். கால் தரையில் எட்டாவிட்டால் கீழே ஒரு பலகையோ குட்டி ஸ்டூலோ வேண்டும். கால் தொங்கினால் பிள்ளை தோளைத் தூக்கிப் பிடித்து உட்காரும், தோள் இறுகினால் விரல் இறுகும். இதைப் பார்க்காமல் நேராகப் புத்தகத்தைத் திறப்பவர் பிற்பாடும் பார்ப்பது அரிது.

அடுத்து, தப்பை எப்படிக் கையாள்கிறார். எனக்கு மொத்தத் தேடலிலும் அதிகம் சொன்னது இந்த ஒன்றுதான். ஜி மேஜர் ஸ்கேலில் ஒரு சின்ன பீஸ் (வாசிக்கும் உருப்படி), பிள்ளை நான்காவது பாரில் (தாளக் கட்டத்தில்) எஃப் ஷார்ப்புக்கு, அதாவது எஃப்-ஐ ஒட்டிய கறுப்புக் கட்டைக்கு, பதில் வெறும் எஃப் வாசிக்கிறது என்று வையுங்கள். ஒருவர் "ஷார்ப்! ஷார்ப்!" என்று மேலேயே விழுவார். பிள்ளை அந்த ஒரு இடத்தைத் திருத்திக்கொள்ளும், அடுத்த வரியில் அதே தப்பு வரும். இன்னொருவர் பீஸை முடிக்க விட்டுவிட்டு, "எந்த இடம் காதுக்கு ஒட்டலை?" என்று கேட்பார். பிள்ளை காட்டியதும், வரியின் தொடக்கத்தில் இருக்கும் ஷார்ப் குறியை விரலால் தொடச் சொல்வார். பிறகு மூன்றாவது, நான்காவது பாரை மட்டும், வலது கை மட்டும், பாதி வேகத்தில் மூன்று தடவை. பிறகு இரண்டு கை. பிறகு இரண்டாவது பாரிலிருந்து பிடித்து ஓட்டிப் பார்ப்பது. தப்பு விரலில் இல்லை, வரித் தொடக்கத்தைப் பார்க்காமல் விட்டதில் இருந்தது என்று கண்டுபிடித்தவர் இவர். வீட்டில் தனியாக பிராக்டிஸ் பண்ணும்போதும் பிள்ளை இதே வழியைப் பிடித்துக்கொள்ளும். முதலாமவரிடம் படித்தால் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் தப்பு தெரியும்.

டெமோவில் டீச்சர் எத்தனை நிமிடம் வாசிக்கிறார் என்றும் கவனியுங்கள். முப்பது நிமிடத்தில் இருபது நிமிடம் அவரே வாசித்தால் அது கச்சேரி. நாம் மெய்மறந்துவிடுவோம், பிள்ளைக்கு ஒன்றும் ஒட்டாது.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் படித்த பிள்ளைக்கு இன்னொரு சோதனை உண்டு. 'ச' எங்கே வைத்தாலும் பாடக்கூடிய காது அதற்கு ஏற்கெனவே இருக்கிறது. சுருதி ஒரு கட்டை என்றால் 'ச' இருப்பது சி, ஒன்றரை என்றால் சி ஷார்ப், ஐந்து கட்டை என்றால் ஜி. இதைத் தெரிந்த டீச்சர், "ஒரு கட்டையில் சங்கராபரணம் வாசி" என்பார், எல்லாம் வெள்ளைக் கட்டையாக வரும். "இப்போ அஞ்சு கட்டையில்" என்றால் நிஷாதம் ('நி') வரும் இடத்தில் வெள்ளைக் கட்டை காதை உறுத்தும், பிள்ளையின் விரல் தானாகக் கறுப்புக்கு ஏறும். அந்தக் கறுப்புதான் முன்பு விட்டுப்போன எஃப் ஷார்ப். மேல் ச-வை ஒட்டி நிற்கும் காகலி நிஷாதத்துக்காகத்தான் அந்தக் குறி வரித் தொடக்கத்தில் இருக்கிறது என்று புரிந்த பிள்ளைக்கு மேஜர் ஸ்கேல்களை மனப்பாடம் செய்யும் வேலை பெருமளவு குறைந்துவிடும். "சரிகமவையெல்லாம் மறந்துடணும்" என்று தொடங்குபவர், பழகிய காதைக் குப்பையில் போடச் சொல்கிறார்.

அதே காதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளை இரண்டு தடவை கேட்டதுமே வாசித்துவிடும், நோட்டேஷனைப் படிக்கவே படிக்காது. டீச்சரும் ஒவ்வொரு நோட்டின் மேலும் ஒன்றிலிருந்து ஐந்து வரை விரல் எண்ணை எழுதித்தள்ளினால் கதை முடிந்தது. அப்புறம் பிள்ளை படிப்பது எண்ணை மட்டுமே. கையை ஒரு கட்டை தள்ளி வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், திணறும். கட்டைமேல் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டுவதும் இதே ரகம். கை நகரும் இடத்தில் மட்டும் விரல் எண், வாரம் ஒரு முறையாவது முன்பு கேட்டிராத நாலு வரி: இப்படிச் சொல்லிக்கொடுப்பவரைத் தேடுங்கள்.

கிரேடு பரீட்சைக்கு வருவோம். பெற்றோருக்குத் தெரியாத ஒரு சந்து இங்கே இருக்கிறது. டிரினிட்டி பியானோவில் மொத்தம் 100 மார்க்: மூன்று பீஸுக்கு 66, ஸ்கேல் முதலிய டெக்னிகல் வொர்க்குக்கு 14, இரண்டு சப்போர்ட்டிங் டெஸ்ட்டுக்கு 20. பாஸ் 60, மெரிட் 75, டிஸ்டிங்ஷன் 87. ஐந்தாம் கிரேடு வரை அந்த இரண்டு டெஸ்ட்டை நாமே தேர்ந்தெடுக்கலாம். சைட் ரீடிங்கை (முன்பு பார்க்காத நோட்டேஷனைப் பார்த்ததும் வாசிப்பதை) தொடாமல் ஆரல் (கேட்டுப் பதில் சொல்வது), மியூசிக்கல் நாலெட்ஜ் என்று எடுத்து ஐந்து கிரேடு ஏறிவிடலாம். ஆறாம் கிரேடில் சைட் ரீடிங் கட்டாயம். டிஸ்டிங்ஷனாக வாங்கிக் குவித்த பிள்ளை அங்கே வந்து நிற்பது இதனால்தான். இன்னொரு பரீட்சை போர்டான ஏபிஆர்எஸ்எம்மின் நேர்முகப் பிராக்டிகல் பரீட்சையில் ஆரம்பத்திலிருந்தே சைட் ரீடிங் உண்டு, 150-இல் 21 மார்க். எந்தப் போர்டு நல்லது என்ற சண்டை தேவையில்லை. "சைட் ரீடிங் டெஸ்ட் எடுக்க வைப்பீங்களா, எந்தக் கிரேடிலிருந்து?" என்று கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை பீஸ் வாசிப்பார்கள் என்றும் கேளுங்கள். பரீட்சைக்கான மூன்றையே பத்து மாதம் அரைக்கும் கிளாஸில் சர்டிபிகேட் சுவரில் ஏறும், பிள்ளைக்கு நாலாவது பீஸ் தெரியாது.

காசு விஷயத்தை மாதக் கணக்கில் ஒப்பிடாமல் நிமிடக் கணக்கில் ஒப்பிடுங்கள். ஒரு மணி நேர குரூப் கிளாஸில் ஐந்து பிள்ளைகள் ஹெட்போனோடு உட்கார்ந்தால் ஒருவருக்குக் கிடைப்பது பன்னிரண்டு நிமிடம். தனியாக முப்பது நிமிடம் கிடைக்கும் கிளாஸின் ஃபீஸ் இருமடங்கு என்றாலும் அதுதான் மலிவு. ஐந்து வாரம் வரும் மாதத்துக்குத் தனிக் கட்டணமா, டீச்சர் லீவு போட்டால் ஈடு கிளாஸ் உண்டா, பரீட்சைக் கட்டணமும் புத்தகமும் ஃபீஸில் சேர்த்தியா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இதில் கூச்சப்பட்டால் பின்னால் மனஸ்தாபம்தான்.

வீட்டில் 88 கட்டை, அழுத்தினால் கனம் தெரியும் டிஜிட்டல் பியானோ இருந்தால் போதும். லேசான ஸ்பிரிங் கட்டையில் பழகிய விரல், கிளாஸில் உள்ள அசல் பியானோவில் மெல்லிய ஒலியை எழுப்பவே முடியாமல் தவிக்கும். "எதில் வேணும்னாலும் பிராக்டிஸ் பண்ணட்டும்" என்கிற டீச்சர் ஒலியைக் கவனிக்காதவர். அசல் பியானோ வாங்குபவர்கள் மழைக்காலத்தில் மரம் ஊறிக் கட்டை ஒட்டிக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆன்லைன் கிளாஸ் என்றால் கேமராவைப் பக்கவாட்டில், முழங்கையும் கட்டையும் சேர்ந்து தெரியும்படி வையுங்கள். முகத்துக்கு நேரே வைத்தால் டீச்சருக்கு விரல் தெரியாது. ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போடாவிட்டால், நீண்டு ஒலிக்கும் நோட்டை அது இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். பிள்ளை நன்றாகப் பிடித்த நோட்டுக்கும் டீச்சர் "ஏன் விட்டுட்டே?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

சேர்த்தபின் மூன்று மாதம் கழித்து ஒன்றைச் சோதியுங்கள். பிள்ளையின் புத்தகத்தில் இரண்டு மாதம் முன்பு முடித்த பாடத்தின் அளவுக்கு எளிதான, இதுவரை வாசிக்காத ஒரு பக்கத்தை நீட்டுங்கள். தட்டுத்தடுமாறியாவது தானாக வாசித்தால் விடாதீர்கள், டீச்சர் கொஞ்சம் கறாராக இருந்தாலும் பரவாயில்லை. "மிஸ் வாசிச்சுக் காட்டினாத்தான் வரும்" என்று பதில் வந்தால் டீச்சரிடம் உட்கார்ந்து பேசுங்கள், இரண்டு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

மாறுவது என்று முடிவானால், பரீட்சைக்கு நடுவில் வேண்டாம். பரீட்சை முடிந்த மாதத்தில், நேரில் போய், நன்றி சொல்லி விலகுங்கள். பழைய பிராக்டிஸ் நோட்டையும் கடைசியாக வாசித்த புத்தகங்களையும் புது டீச்சரிடம் எடுத்துப்போங்கள். அவர் அந்த நோட்டைப் பிரித்துப் படிக்கிறாரா, மூடி ஓரமாக வைத்துவிட்டு "முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்" என்கிறாரா என்று அன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம்.