பெரியம்மா அந்த வாடகை வீட்டை விக்கணுமா?

பெரியம்மா வாடகைக்கு விட்டிருக்கற அவங்க சொந்த வீட்டை வித்துடலாமா வேணாமான்னு வீட்ல ஒரே பேச்சு, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஆனா அவங்ககிட்ட யாரும் கேக்கல, அதான் எனக்கு மனசு ஆறல.

"மாசாமாசம் வாடகை வருதே, எதுக்கு விக்கணும்"ங்கறாங்க. ஒரு வருஷ வாடகைல வீட்டு வரி, பெயிண்ட், பிளம்பர் கூலி, வீடு காலியா கிடந்த மாசம் எல்லாத்தையும் கழிச்சுட்டு மிச்சத்த, வித்த பணத்தை பேங்க்ல போட்டா வர்ற வட்டியோட வச்சுப் பாக்கணும். ஆனா விலைவாசி ஏற ஏற வாடகைய ஏத்தலாம், பேங்க்ல போட்ட அசல் அப்படியேதான் நிக்கும். அப்புறம் வரி. பெரும்பாலும் வித்த லாபத்துக்குத்தான் வரி போடுவாங்க, அதனால வாங்கின பத்திரம், மாடி எடுத்துக் கட்டின பில்லு எல்லாம் தேடி எடுத்துட்டு ஒரு ஆடிட்டரப் பாத்துட்டுதான் விலையே பேசணும்.

இதெல்லாம் விட எனக்குப் பெருசா தெரியறது அவங்க தெம்பு. குழாய் ஒழுகுதுன்னு ராத்திரி குடியிருக்கறவங்க போன் பண்ணா, கண்ணாடிய மாட்டிக்கிட்டு பழைய டைரில பிளம்பர் நம்பர விரல் வச்சு தேடுறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு. அதுக்கு நம்மள்ல ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கலாம், அதுக்காகவே விக்கத் தேவையில்ல. ஆனா வைத்தியத்துக்கு திடீர்னு பெரிய தொகை வேணும்னா வீட்ல ஒரு ரூம மட்டும் விக்க முடியாது, அவசரத்துல வித்தா அடிமாட்டு விலைக்குத்தான் கேப்பாங்க.

இப்பவே யாருக்கு எவ்ளோ பங்குன்னு பேசறது எனக்கு சுத்தமா பிடிக்கல. சொத்து அவங்களுது. இந்த வாரம் கணக்கு நோட்டோட அவங்க பக்கத்துல உக்காந்து "நீங்க என்ன நினைக்கிறீங்க பெரியம்மா"ன்னு கேக்கப் போறேன்.