பன்னிரண்டரை மில்லிலீற்றரில் படுத்துக் கிடந்த வளைகோடு

எங்கள் கல்லூரி இரசாயன ஆய்வுகூடம் என்றதும் பலருக்கும் ஐதரசன் சல்பைட்டின் முட்டை நாற்றம்தான் முதலில் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது ஒரு வரைபுத்தாள். அதைப் பற்றி எழுதத்தான் மலர்க் குழுவிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கினேன்.

1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பற்றரி, உரம் எல்லாம் தடைப் பட்டியலில். நாங்கள் உயர்தரம் படித்தது அந்த வருடங்களில். இரவில் ஜாம் போத்தல் விளக்கு, பகலில் ஷெல் சத்தம், இடையில் பாடம். அதையெல்லாம் வேறு நண்பர்கள் இந்த மலரில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நான் நியமிப்பு, அதாவது செறிவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்துத் தெரியாத கரைசலின் செறிவை அளக்கும் முறை, பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் இரசாயன சேர் செய்முறையைக் கைவிட மறுத்தவர். முதல் தட்டுப்பாடு தண்ணீரே. காய்ச்சி வடிக்க எரிபொருள் இல்லை. கிணற்றுத் தண்ணீர் சரிவராது. நாங்கள் இருப்பது சுண்ணாம்புக் கல்லின் மேல். கிணற்று நீர் முழுக்கக் கல்சியம் இருகாபனேற்று. அதில் சோடியம் ஐதரொட்சைட்டைக் கரைத்தால் உடனே வெள்ளையாகக் கலங்கிவிடும். அதனால் மாரியில் இரண்டு மூன்று நல்ல மழை பெய்து கூரை கழுவுப்பட்ட பிறகு, கண்ணாடிச் சாடிகளை வெளியே வைத்து மழைநீர் பிடிப்போம். மழைநீரிலும் காற்றிலிருந்து வந்த காபனீரொட்சைட்டு இருக்கும், அது காரத்தைத் தின்னும். ஆகவே விறகடுப்பில் நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி, ஆறவிட்டு எடுப்போம். ஏன் கொதிக்க வைக்கிறோம் என்று சேர் ஒவ்வொருவராகக் கேட்பார். பதில் சொல்லாதவருக்கு அன்று அளவி (கரைசலைத் துளித்துளியாக விட்டு அளக்கும், திருகு வைத்த கண்ணாடிக் குழாய்) கிடையாது.

தராசுக்கு மின்சாரம் வேண்டாம் என்பது எங்கள் அதிர்ஷ்டம். சோடியம் ஐதரொட்சைட்டை நிறுத்துப் பயனில்லை. நிறுக்கும்போதே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒட்சாலிக் அமிலப் பளிங்கைத்தான் நிறுப்போம். 250 மில்லிலீற்றரில் 1.576 கிராம் கரைத்தால் 0.05 மூலர், அதாவது லீற்றருக்கு 0.05 மூல். அதை வைத்துக் காரத்தின் செறிவைப் பிடித்து, அப்புறம் அந்தக் காரத்தை வைத்து ஐதாக்கிய கடை வினாகிரியின் அசற்றிக் அமிலத்தை அளப்போம்.

இந்த வேலையில் கைதான் முக்கியம். அளவியை அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். கூம்புக்குடுவையைத் தண்ணீரால் மட்டும். குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் குழாயியின் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக்கூடாது; அந்தத் துளியை விட்டுவிட்டுத்தான் 25 மில்லிலீற்றர் என்று குறித்திருக்கிறார்கள். இடது கை அளவியின் திருகைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடிக்கும், வலது கை குடுவையைச் சுழற்றும், அடியில் வெள்ளைத் தாள். துளி விழும் இடத்தில் இளஞ்சிவப்புத் தோன்றி மறையும். மறைய நேரமெடுக்கத் தொடங்கினால் முடிவு கிட்டிவிட்டது. அதன் பிறகு முழுத்துளியும் கூடாது. திருகை மயிரிழை திறந்து, நுனியில் தொங்கும் பாதித் துளியைக் குடுவையின் உட்சுவரில் தொட்டு, கழுவு போத்தலால் இறக்கிவிட வேண்டும். அரை நிமிடம் நிற்கும் மெல்லிய இளஞ்சிவப்புத்தான் முடிவுப்புள்ளி. கடும் சிவப்பு வந்தால் குடுவையை ஊற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

அந்த இளஞ்சிவப்பைத் தரும் காட்டியான பினோத்தலீன் ஒரு சின்னப் போத்தலில்தான் மிஞ்சியிருந்தது. குடுவைக்கு இரண்டு துளி, அவ்வளவுதான். சிக்கனம் மட்டும் காரணமில்லை. காட்டியும் ஒரு மென்னமிலமே. அள்ளி ஊற்றினால் அதுவும் காரத்தில் பங்கு கேட்கும். பழகுவதற்கு என்று சேர் செவ்வரத்தம் பூவைக் கொண்டுவரச் சொன்னார். பூவிதழைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்த நீர், தேசிக்காய்ப் புளி பட்டால் சிவக்கும், வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டால் பச்சையாகும். எங்களுக்கு ஒரே சந்தோஷம், இனிப் பினோத்தலீனே தேவையில்லை என்று நினைத்தோம். சேர் அதை வைத்தே ஒரு நியமிப்புச் செய்யவிட்டார். நிறம் மெல்ல மெல்ல, பல நிறங்களினூடாக மாறிக்கொண்டே போனது. எங்கே நிறுத்துவது என்று ஆளுக்கொரு வாசிப்பு. "இது ஆளைக் காட்டும், அளவைக் காட்டாது" என்றார்.

இனி அந்த வரைபுத்தாள். கரைசலின் அமிலத்தன்மையைச் சொல்லும் எண் பிஎச்; 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம். அதை அளக்கும் மானி எங்களிடம் இல்லை. இருந்தாலும் மின்சாரம் இல்லை. சேர் மடக்கை அட்டவணையை எடுக்கச் சொன்னார். 0.1 மூலர் அசற்றிக் அமிலம் 25 மில்லிலீற்றர், அதே செறிவில் காரம், ஒவ்வொரு புள்ளியிலும் பிஎச் எவ்வளவு என்று கையால் கணித்துக் கொண்டுவாருங்கள். ஆளுக்குச் சில புள்ளிகள் என்று பிரித்துக்கொண்டு இரவில் விளக்கடியில் கணித்தோம். மறுநாள் எல்லாப் புள்ளிகளையும் ஒரே தாளில் குறித்து இணைத்தபோது வகுப்பே அமைதியானது.

தொடக்கம் 2.9 அளவில். பாதி வழியில், 12.5 மில்லிலீற்றரில், 4.76, அமிலமும் உப்பும் சரிபாதி, பிஎச்சும் பிகேஏயும் (அமிலத்தின் வலிமையைச் சொல்லும் எண்) ஒன்று. அந்த இடத்தில் கோடு ஏறக்குறையப் படுத்துக் கிடக்கிறது. இன்னும் ஒரு மில்லிலீற்றர் காரம் முழுதாக ஊற்றினாலும் பிஎச் 0.07தான் கூடுகிறது. ஆனால் 24.9இலிருந்து 25.1க்குப் போகும்போது, வெறும் 0.2 மில்லிலீற்றரில், 7.2இலிருந்து 10.3க்குத் தாவுகிறது. அமிலமும் காரமும் சரிக்குச் சரி தீரும் சமவலுப்புள்ளி 8.7இல் விழுகிறது, 7இல் அல்ல. பினோத்தலீன் நிறம் மாறுவது 8.2க்கும் 10க்கும் இடையில், தாவலுக்குள்ளேயே. இன்னொரு காட்டியான மெதயில் செம்மஞ்சள் 3.1க்கும் 4.4க்கும் இடையில் மாறுவது. அதைப் போட்டிருந்தால் எட்டு மில்லிலீற்றருக்குள்ளேயே மஞ்சளாகி எங்களை ஏமாற்றியிருக்கும்.

புத்தகத்தில் நியமிப்பு ஓர் அலகு, அமிலமோ காரமோ சேர்த்தாலும் பிஎச் அதிகம் மாறாத தாங்கற் கரைசல் இன்னொன்று. சேர் அந்தத் தாளில் நடுவைத் தொட்டு "இது தாங்கல்", செங்குத்தைத் தொட்டு "இது முடிவு" என்றார். ஒரே குடுவை, ஒரே அமிலம். இதைப் போல இரசாயனம் எனக்கு அதன் பிறகு எந்தப் பல்கலைக்கழகத்திலும் விளங்கியதில்லை.

வகுப்பில் ஒருவன் கெட்டிக்காரன், இப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிறான். அவன்தான் கேட்டான்: "சேர், தாங்கல் பிகேஏக்கு ஓர் அலகு மேலே கீழேதான் நல்லா வேலை செய்யுமெண்டு சொன்னீங்கள். இரத்தம் 7.4. காபோனிக் அமிலத்தின்ர பிகேஏ ஆறு சொச்சம். பிறகெப்படி அது இரத்தத்தைத் தாங்குது?" சேர் சிரித்தார். "நீர் குடுவைக்கு மூடி போட்டுக்கொண்டு யோசிக்கிறீர் தம்பி. இரத்தத்துக்கு மூடி இல்லை. ஒருக்கா மூச்சை விட்டுப் பாரும்."

அந்த ஒரு வரியில் இருந்தது எவ்வளவு என்று எனக்குப் பிடிபட்டது கனடாவில் மருத்துவமனை ஆய்வுகூட வேலைக்கு வந்த பிறகு. சுகதேகியின் இரத்தத்தில் இருகாபனேற்று லீற்றருக்கு 24 மில்லிமூல். காபோனிக் அமிலமாகக் கணக்கிடும் கரைந்த காபனீரொட்சைட்டு 1.2. இருபதுக்கு ஒன்று. இருபதின் மடக்கை 1.3, அதைக் காபோனிக் அமிலத்தின் பிகேஏயான 6.1உடன் கூட்டினால் 7.4. நீரிழிவு முற்றிக் கீற்றோன் அமிலம் சேர்ந்த ஒருவருக்கு இருகாபனேற்று 8க்கு இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். காபனீரொட்சைட்டின் அமுக்கம் வழக்கமான 40 மில்லிமீற்றரிலேயே நின்றால் பிஎச் 6.92, உயிருக்கு ஆபத்து. ஆனால் அவர் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிட்டு அதை 25க்கு இறக்கிவிடுகிறார். பிஎச் 7.13. அதுவும் ஆபத்தான எண்தான், ஆனாலும் வைத்தியருக்கு நேரம் கிடைக்கிறது. அமிலம் வாயுவாகி வெளியே போய்விடுகிறது. குறையும் இருகாபனேற்றைச் சிறுநீரகம் ஆறுதலாக நிரப்புகிறது. மூடிய குடுவையில் உதவாத பிகேஏ, திறந்த உடம்பில் நம்மைக் காக்கிறது.

இப்போது இயந்திரம் இந்த எண்களை ஓரிரு நிமிடத்தில் அச்சடித்துத் தருகிறது. பிஎச்சும் காபனீரொட்சைட்டும் அது அளப்பவை; இருகாபனேற்று அது கணிப்பது, அன்று நாங்கள் விளக்கடியில் போட்ட அதே கணக்கு. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே அதைக் கையால் செய்யக் கொடுக்கிறேன். பிஎச் என்ற அளவையே 1909இல் கோப்பன்ஹேகனில் ஒரு பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில் சோரன்சன் கொண்டுவந்தது என்றால் அவர்கள் நம்புவதில்லை. காள்ஸ்பேர்க் என்று பெயரைச் சொன்ன பிறகே நம்புகிறார்கள்.

சங்கம் இந்த வருடம் ஆய்வுகூடத்துக்கு நிதி சேர்ப்பதாக அறிந்தேன். பெரிய திரையும் கணினியும் வாங்கும் யோசனை இருக்கிறதாம், வாங்கட்டும். அதற்கு முன் இரண்டு பிள்ளைகளுக்கு ஓர் அளவி என்ற கணக்கில் கண்ணாடிப் பொருட்கள் வாங்கவேண்டும் என்பது என் கோரிக்கை. ஒருவர் செய்ய மற்றவர்கள் சுற்றிநின்று பார்க்கும் செய்முறையால் கை பழகாது. பிஎச் மானியும் கட்டாயம் வேண்டும். ஆனால் மானியை மட்டும் அனுப்பினால் அது சீக்கிரமே அலுமாரிக்குள் போய்விடும். பிஎச் 4, 7, 10 ஆகிய நியமத் தாங்கற் கரைசல்களும், மின்வாயை நனைத்து வைக்கும் கரைசலும் வருடாவருடம் புதிதாகப் போகவேண்டும். அந்தக் கரைசல்களின் செலவை நான் பொறுப்பெடுக்கிறேன். பொருளாளர் விபரத்தை அனுப்பினால் போதும்.