தேன்குழலுக்கு எந்த எண்ணெய்?

பலகார ஆர்டர் கொடுக்க போன் செய்கிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னாலேயே, "ஆச்சி, பாமாயில் போடமாட்டீங்கதானே?" என்று கேட்டுவிடுகிறார்கள். கொழுப்புக்குப் பயந்துதான் கேட்கிறார்கள். அவர் மாமனாருக்கு பைபாஸ், இவர் பிள்ளைக்கு இருமல் என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அந்த எண்ணெய் விளைகிற இடத்தில் முன்னே என்ன இருந்தது என்று கேட்டவள் மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒருத்திதான். அதையும் அவள் கேள்வியாகக் கேட்கவில்லை, குற்றப்பத்திரிகையாகவே வாசித்தாள்.

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வீட்டோடு பலகாரம் போடுகிறவள் நான். சீர்ப் பலகாரம், புதுமனைக்கு, தீபாவளிக்கு என்று வருஷம் முழுக்க அடுப்பு எரியும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அதிரசம், தேன்குழல், கைமுறுக்கு என்று ஊருக்குள் போகிறதெல்லாம் கடலை எண்ணெயில். கூரியரில் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிற சீப்புச்சீடையும் முறுக்கும் பாமாயிலில். வாங்குகிறவர்களிடம் சொல்லித்தான் விற்கிறேன். கடலை எண்ணெயில் சுட்டது சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். பாமாயிலில் சுட்டது டப்பாவைத் திறக்கும்வரை அப்படியே இருக்கும், மொறுமொறுப்பும் குறையாது. விலையிலும் பெரிய வித்தியாசம். பெரிய பெரிய பிஸ்கட், நூடுல்ஸ் கம்பெனிக்காரர்கள் இதைத் தேடிப்போவதற்கும் காரணம் இதேதான். எந்தப் பாக்கெட்டையாவது திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் பாமாயில் என்று இருக்கும்.

மகள் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இந்தோனேசியா, மலேசியா பக்கத்துத் தீவுகளான சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருக்கிற மழைக்காடுகளில் ஒரு பகுதி கரிச்சதுப்பு நிலத்தின் மேல் நிற்கிறது. உதிர்ந்த இலையும் மரமும் மக்காமல் தண்ணீருக்குள் பல ஆயிரம் வருஷமாகச் சேர்ந்த நிலம் அது. அங்கே பாமாயில் தருகிற எண்ணெய்ப் பனை நட வேண்டுமென்றால் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். வடிந்ததும் நிலமே காய்ந்த எருமுட்டை மாதிரி ஆகிவிடும். பசிபிக் கடல் சூடேறுகிற எல் நினோ வருஷத்தில் மழை பொய்த்தால் பற்றிக்கொள்ளும். மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். 2015இல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது என்று உலக வங்கி கணக்குச் சொன்னது. அந்தப் புகையில் சிங்கப்பூரில் பள்ளிக்கூடத்தையே மூடினார்கள். காடு போய் இடமில்லாமல் தவிக்கிற உராங்குட்டான் குரங்கின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

இதை எல்லாம் கேட்டுவிட்டு, மலேசியாவில் தெலுக் இந்தானில் இருக்கிற அம்மானுக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மூன்று தலைமுறையாகப் பேராக் பக்கம் இருக்கிறார்கள், கொஞ்சம் செம்பனைத் தோட்டமும் உண்டு. எண்ணெய்ப் பனையை அங்கே செம்பனை என்பார்கள்.

"நான் எந்தக் காட்டை வெட்டினேன், சொல்லு ஆத்தா," என்றார். "எங்க தோட்டத்துல முந்தி பால்மரம் நின்னுச்சு. ரப்பர் விலை விழுந்ததும் வெட்டிப்புட்டு செம்பனை வச்சோம். அந்தப் பால்மரத்துக்காகக் காட்டை அழிச்சது வெள்ளைக்காரன். வேலை பார்த்தது நம்ம சனம். வட்டிக்குக் கொடுத்தது உங்க பாட்டையா. என்னைய மட்டும் கேட்டா எப்படி?"

எனக்குப் பதில் வரவில்லை.

அவர் சொன்னதற்கு ஆதாரம் தேட மலாயா வரை போக வேண்டாம், பர்மாவே போதும். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூணைத் தட்டிக்காட்டிப் பெருமை பேசுவோம். ஆனால் அந்தக் காசு பெரிதாக வந்தது நெல்லில். 1852இல் பர்மாவோடு நடந்த போருக்குப் பிறகு கீழ்பர்மா வெள்ளைக்காரன் கைக்குப் போனது, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பாவுக்கு அரிசி போகிற வழி சுருங்கியது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் இருந்த சதுப்புக் காட்டையும் அலையாத்திக் காட்டையும் வெட்டி வெட்டி வயலாக்கினார்கள். வெட்டியவர் பர்மியக் குடியானவர், கடன் கொடுத்தது நம் ஊர்ச் செட்டியார்களின் பெட்டியடி, அதாவது வட்டிக்கடை. 1930இல் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் நம்மவர் கைக்கு வந்தது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1938 வாக்கில் 25 சதவீதம் ஆனது. அப்புறம் ஜப்பான்காரன் வந்தது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே வந்தது, அதெல்லாம் வீட்டுக்கு வீடு கேட்ட கதை. விருந்தில் கவுனி அரிசிப் பாயசம் வைக்கும்போது பர்மா என்று சொல்வோம். அந்த வயலுக்கு முன்னால் அங்கே நின்ற காட்டை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சரி, பாமாயிலை அடியோடு விட்டுவிட்டால்? மகள் அதைத்தான் சொன்னாள். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு ஹெக்டேர் செம்பனை வருஷத்துக்கு மூன்று, மூன்றரை டன் எண்ணெய் கொடுக்கும். கடலையோ சோயாவோ அந்த நிலத்தில் ஒரு டன்கூடத் தராது. இந்தியா வருஷத்துக்கு 75 லட்சம் டன்னுக்குக் குறையாமல் பாமாயில் இறக்குகிறது, உலகத்திலேயே அதிகம் நாம்தான். இவ்வளவையும் சோயாவுக்கு மாற்றினால் பிரேசிலும் அர்ஜென்டினாவும் இன்னும் எவ்வளவு காட்டை உழும்? ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற பாமாயில் பாக்கெட்டை நம்பித்தான் என்னிடம் மாவு பிசைய வருகிறவர்கள் வீட்டில் தாளிக்கிறார்கள். அவர்களிடம் போய் உராங்குட்டானைப் பற்றிப் பாடம் நடத்த எனக்கு வாய் வராது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோது எண்ணெய் விலை எகிறியதில் அடிபட்டதும் அவர்கள்தான்.

மரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கே நட்டார்கள் என்பதே என் கேள்வி. பழைய ரப்பர்த் தோட்டத்தில் நட்டதும் கரிச்சதுப்பை வடித்து நட்டதும் ஒன்றாகாது. ஆனால் காரைக்குடியில் எனக்கு டின் போடுகிற மொத்தக் கடையில் "இது எந்த ஊர் எண்ணெய்?" என்று கேட்டால், "சென்னை எண்ணெய்" என்கிறார்கள்! துறைமுகத்தின் பெயர் அது. அதற்கு மேல் அவர்களுக்கும் தெரிய வழியில்லை. குலை வெட்டிய ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். அதனால் சுற்றுவட்டாரத்துச் சின்னத் தோட்டம், பெரிய தோட்டம் எல்லாக் குலையும் ஒரே ஆலையில் விழுகிறது. பிறகு கப்பல், சுத்திகரிப்பு, டேங்கர். காட்டை அழிக்காமல் விளைந்தது என்று சான்று கொடுக்க 2004இல் ஓர் அமைப்பு வந்தது. சான்று பெற்ற எண்ணெயைத் தனியாகவே கொண்டுவரும் முறையும் உண்டு, மற்றதோடு கலந்துவிட்டுக் கணக்கில் மட்டும் காட்டுகிற முறையும் உண்டு. கணக்குப்பிள்ளை வம்சத்தில் பிறந்தவளுக்கு இரண்டாவது முறை என்னவென்று நன்றாகவே புரிகிறது.

இதற்கிடையில் இங்கேயே நடுகிறோம் என்று 2021இல் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது. குறி வைத்தது வடகிழக்கு மாநிலங்களையும் அந்தமானையும். மிசோரத்தில் காட்டுயிர் ஆய்வாளர் சங்கர் ராமன் போன்றவர்கள் எண்ணிப் பார்த்ததில், மலைமக்கள் மாற்றி மாற்றி விவசாயம் செய்கிற ஜூம் நிலத்தைவிட எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் காட்டுப் பறவைகள் குறைவாக இருந்தன. ஆந்திராவில் ஏற்கெனவே உழுத நிலத்தில் வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன், தண்ணீர் இருந்தால். மிசோரம் வேறு.

எங்கிருந்து வந்தது என்று தெரியாத விஷயத்தில், நாங்கள் போடுகிற மசாலாவில் கல்பாசியும் பாமாயில் மாதிரித்தான். மலைமரத்துப் பட்டையில் மெள்ள மெள்ள வளர்கிற பாசி அது, சுரண்டி எடுத்தால் மறுபடி வர வெகுகாலம் ஆகும். கைப்பிடி கல்பாசிக்கு ஊர் பெயர் கேட்டாலும் "மலைச் சரக்கு" என்ற பதில்தான் வரும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

என் வரைக்கும் இப்போது செய்வது இவ்வளவுதான். டப்பாவில் எண்ணெயின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறேன். விலைப்பட்டியலில் கடலை எண்ணெய்க்கு ஒரு விலை, பாமாயிலுக்கு ஒரு விலை. வெளிநாட்டு ஆர்டருக்கும், "பத்து நாளில் தின்று தீர்ப்பீர்கள் என்றால் கடலை எண்ணெயில் சுட்டுத் தருகிறேன்" என்று கேட்கிறேன். ஒத்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறார்கள். கடலை புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறது, செக்குக்காரரிடம் கேட்டால் காட்டுக்காரர் பெயர்வரை சொல்வார்.

மலேசியாவுக்குப் போகிற பெட்டியை அம்மானுக்கு எதில் போடுவது என்று கேட்டேன். "கடலெண்ணெயில போடு ஆத்தா," என்றார். "செம்பனை எண்ணெயில சுட்ட தேன்குழல் எவனுக்கு வேணும்?"