இந்திர லால் ராய் கல்லறை: மூன்றாவது பயணத்தில்தான் கிடைத்தது

போன சனிக்கிழமை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். அதற்கு முன் இரண்டு சனிக்கிழமைகள் வீணாய்ப் போன எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வடக்கு பிரான்ஸ் பக்கம் வருகிற யாருக்காவது உதவட்டும்.

ராய் கல்கத்தாவில் 1898இல் பிறந்து லண்டனில் படித்த பையன். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 40ஆம் ஸ்குவாட்ரனில் எஸ்.இ.5ஏ என்ற சண்டை விமானம் ஓட்டினான். 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் எதிரி விமானங்களுக்கு எதிராகப் பத்து வெற்றிகள் அவன் கணக்கில் ஏறின. 22ஆம் தேதி அவனே சுடப்பட்டு விழுந்தான். வயது 19. என் தம்பியைவிடச் சின்னவன், அதனால் ‘அவர்’ என்று எழுத வரவில்லை.

நான் லீல் நகரத்தில் இருக்கிறேன். முதலில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் போய்க் கேட்டதுதான் தப்பு. “போரில் இறந்த இந்திய விமானி” என்று ஆரம்பித்தேன். ‘இந்திய’ என்ற சொல் காதில் விழுந்ததுமே அந்தப் பெண் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு நீட்டிவிட்டார். நவ் ஷாப்பேல். “இந்தியர்கள் எல்லாரும் அங்கேதான், மிஸ்யூ.” விமானி என்றேன் மறுபடி. தலையாட்டினார், பேனாவை மூடினார்.

போனேன். வட்டச் சுவர், உயரமான தூண், கல்லில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள். அவை ரெஜிமென்ட் வாரியாக இருப்பதால், ஒன்றரை மணி நேரம் கழுத்து வலிக்கத் தேடினேன். ராய் இல்லை. இருக்கவும் முடியாது. உடல் கிடைக்காமல் போன இந்தியத் தரைப்படை வீரர்களுக்கான நினைவிடம் அது. இவனோ பிரிட்டிஷ் விமானப்படைக்காரன், கல்லறையும் உள்ளவன். போனதற்கு வருத்தமில்லை, அந்த இடத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆனால் டாக்சிக்காரருக்குக் கொடுத்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

அன்றிரவு, பிரிட்டன் பக்கம் போரில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் ‘இந்தியா’, ‘தரைப்படை’ இரண்டையும் தேர்ந்தெடுத்துத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. சரி, எல்லாக் கட்டுரையும் ‘கார்வன் என்ற ஊருக்கு மேலே வீழ்ந்தான்’ என்றுதானே சொல்கிறது, அங்கேதான் புதைத்திருப்பார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை கார்வன். வரைபடத்தில் பெரிதாக ஒரு போர்க் கல்லறை தெரிந்தது. நேராக அதற்குள் நுழைந்து நாலைந்து சிலுவைகளைப் படித்த பிறகுதான் உறைத்தது, எல்லாமே ஜெர்மன் பெயர்கள். ஆயிரக்கணக்கில். ராய் யாரோடு சண்டை போட்டானோ, அவர்கள் வரிசைக்குள் நின்று அவனைத் தேடிக்கொண்டிருந்தேன்! ஊர் பொதுக் கல்லறையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினேன்.

மறுபடி இணையதளம். பிரிட்டிஷ் தரைப்படையின் அந்தக் கால விமானப் பிரிவான ‘ராயல் ஃப்ளையிங் கோர்’ என்று போட்டேன், இல்லை. அப்புறம்தான் தேதி நினைவுக்கு வந்தது. 1918 ஏப்ரல் 1 அன்று அந்தப் படையும் கடற்படையின் விமானப் பிரிவும் சேர்ந்து ராயல் ஏர்ஃபோர்ஸ் ஆகிவிட்டன. இவன் இறந்தது ஜூலையில். எல்லாத் தேர்வையும் எடுத்துவிட்டு ராய், 1918 என்று மட்டும் கொடுத்துப் பட்டியலை நிதானமாகப் பார்த்தேன். வந்தான்! எஸ்தவெல் ஊர்ப் பொதுக் கல்லறை. கார்வனுக்குப் பக்கத்து ஊர்தான். போன வாரம் அதற்கு அருகில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். நீங்கள் யாரைத் தேடினாலும் எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காதீர்கள். இறந்த நாளில் எந்தப் படையில் இருந்தார் என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

மூன்றாவது பயணத்தில் சொல்ல அதிகமில்லை. கார்வன் வரை பஸ், அங்கிருந்து நடை. நிலக்கரிச் சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி எழுந்த கறுப்புக் குன்று தூரத்திலேயே தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அந்தப் பக்கம் பஸ்ஸை நம்பி நிற்க முடியாது. இந்த மாதிரி ஊர்க் கல்லறைகளில் போர்க் கல்லறை இருந்தால் வாசலில் சின்னப் பச்சைப் பலகை மாட்டியிருப்பார்கள். அதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது.

ஊர்க்காரர்களின் குடும்பக் கல்லறைகளுக்கு நடுவே இருக்கிறான். கல்லில் பிரெஞ்சில் ஒரு வரி: தான் நேசித்த இலட்சியத்துக்காக உயிர் விட்டான் என்று. அதோடு வங்காள எழுத்திலும் பொறித்திருந்தார்கள். அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன், படிக்கத் தெரியவில்லை. படம் எடுத்துக் கொல்கத்தாக்கார நண்பனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி நடக்கும்போது பதில் வந்தது.

“மாவீரனின் சமாதி. மரியாதை காட்டு, தொடாதே.”