துரையின் ஆல்பமும் டிவி பேனல் தாளும்

ஐந்து கோடுகளும் தெரிந்துவிட்டன! ஒரு பழைய யுத்தகாலப் போட்டோவில், பி-25 மிட்செல் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் வால்பக்க உடலில், சாய்வாக, வெள்ளையாக, வரிசையாக ஐந்து. நேற்று ராத்திரி அவை திரையில் வந்து நின்றபோது நான் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து வந்து கரண்ட் அடித்துவிட்டதா என்று கேட்டார்.

ஆல்பம் எனக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பனின் தாத்தா இலங்கை மலையகத்தில் டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களா அப்பு, அதாவது சமையல், வீட்டு வேலைக்காரர். எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது சீமைக்குக் கிளம்பிய துரை, கொண்டுபோக முடியாத சாமான்களை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள் கறுப்புத் தாள் ஆல்பம். யுத்த காலத்தில் பர்மா முனையில் இருந்திருப்பார் போல. எந்தப் படத்தின் பின்னாலும் ஓர் எழுத்துக்கூட இல்லை. கிளைடர்கள் (எஞ்சின் இல்லாத, இழுத்துச் செல்லும் விமானங்கள்), தண்டர்போல்ட் சண்டை விமானம், பாரசூட் மூட்டைகள், கோவேறு கழுதைகள். பிறகு, மூலையில் பாதி தெரிந்தும் தெரியாமலும் இந்த மிட்செல்.

தெரியாததற்குக் காரணம் வெள்ளி பூத்திருந்ததுதான். பழைய பிரிண்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சனியனைத் தெரியும். ஈரக்காற்றில் படத்தின் வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஜெலட்டினின் மேல்பரப்புக்கு வந்து, அங்கே மறுபடியும் உலோகமாகப் படியும். கறுப்பு எங்கே அடர்த்தியோ அங்கேதான் நீலம் கலந்த பளபளப்பு ஏறும். கொட்டகலை மூட்டத்தில் ஐம்பது வருடம் பெட்டிக்குள் கிடந்த படத்துக்குக் கேட்கவா வேண்டும்? விமானத்தின் நிழல் விழுந்த பக்கம் முழுவதும் தகரம் மாதிரி மின்னியது. ஸ்கேனரில் போட்டால் அந்த இடம் சாம்பல் திட்டு. அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். போகும்தான், கூடவே படமும் போகும். நான் தொடவில்லை.

ஸ்கேனரை விட்டுவிட்டு, பிரிண்டைக் கமராவால் படமெடுத்தேன். இரண்டு பக்கமும் 45 பாகையில் லைட் வைப்பதையெல்லாம் விடுகிறேன், எல்லாருக்கும் தெரிந்தது. வேலை முழுக்க போலரைசரில், அதாவது ஒரே திசையில் அதிரும் வெளிச்சத்தை மட்டும் விடும் தாளில். லைட்டுகளுக்கு முன்னால் ஒரு திசையில் போலரைசர் தாள், லென்ஸில் சிபிஎல் ஃபில்டர் (திருப்பக்கூடிய போலரைசர்). லென்ஸில் உள்ளதைத் திருப்பி இரண்டும் குறுக்காக நிற்கும்படி வைத்தால், மேல்பரப்பில் பட்டு நேராகத் திரும்பும் பளபளப்பு லென்ஸுக்குள் நுழையாது. ஜெலட்டினுக்குள் போய்ச் சிதறி வரும் வெளிச்சம் மட்டும் வரும். நமக்கு வேண்டிய படம் அதில்தான் இருக்கிறது.

சிக்கல், தாள் எங்கே வாங்குவது என்பதில். ஸ்டூடியோ சாமான் விற்கும் கடையொன்றில் சொன்ன விலைக்கு இன்னொரு பழைய லென்ஸ் வாங்கலாம். கடைசியில் ஹட்டனில் டிவி பேனல் திருத்தும் ஒருவரிடம் போனேன்.

"தாளா வேணும், ஒடஞ்ச பேனலா வேணும் தம்பி?"

"தாள் மட்டும் போதும் அண்ணே."

"எத்தன இஞ்சி டிவி?"

"டிவிக்கு இல்ல அண்ணே. லைட்டுக்கு ஒட்ட."

ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் நல்ல தாளைத்தான் கொடுத்தார், கொழும்பு விலையில் பாதிகூட இல்லை. இந்த விஷயத்தில் யாரும் ஸ்டூடியோ கடைப் பக்கம் போகாதீர்கள்.

இந்தத் தாளில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். வெட்டும்போது தாளை மிச்சம் பிடிக்க ஒரு துண்டை நீளவாக்கிலும் மற்றதைக் குறுக்காகவும் வெட்டினால் இரண்டு லைட்டும் இரண்டு திசையில் நிற்கும், ஒன்றின் பளபளப்பு அடங்கும்போது மற்றது எழும். முதலிலேயே அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது, இருபக்கமும் இருக்கும் பாதுகாப்புப் பிளாஸ்டிக்கை உரித்தே ஆகவேண்டும், அது இருந்தால் திசை குழம்பிவிடும். மூன்றாவதை எங்கேயும் யாரும் எழுதவில்லை, அதனால் பெருமையாகவே சொல்கிறேன்: தாளை ஒட்டும் பலகை அக்ரிலிக் என்றால் தாள் படத்தைப் பார்த்த பக்கம் இருக்க வேண்டும். வெளிச்சம் தாளைக் கடந்த பிறகு அக்ரிலிக்குள் நுழைந்தால் வானவில் கோடுகள் விழும். சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு இந்தத் தொல்லை இல்லை. சுருண்ட படத்தை அழுத்தி வைப்பதற்கும் கண்ணாடிதான்.

சரியாகக் குறுக்கே நிற்கிறதா என்று பார்க்கப் படத்தின் பக்கத்தில் ஒரு சில்லறைக் காசை வையுங்கள். லென்ஸ் ஃபில்டரைத் திருப்பத் திருப்ப காசு கறுத்துக்கொண்டே வரும். ஆகக் கறுத்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

இதற்கு விலை வெளிச்சம். மூன்று ஸ்டாப் அளவுக்கு, அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஐஎஸ்ஓ 100, எஃப் 8 வைத்தால் ஷட்டர் ஒரு செக்கனைத் தாண்டுகிறது. எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டி, தரை பலகை. மெனிக்கே ரயில் வரும் நேரத்தில் கமராவைத் தொடவே முடியாது. எண்ணெய் ஏற்றிவரும் கோச்சி (ரயில்) இன்னும் மோசம், போன பிறகும் பலகை கொஞ்ச நேரம் நடுங்குகிறது. ஆகவே ராத்திரி வேலைதான்.

சரி, கோடுகளுக்கு வருவோம். அந்த ஐந்து சாய்வுக் கோடுகள் அமெரிக்காவின் முதலாம் ஏர் கமாண்டோ குழுவின் அடையாளம். விமானத்தில் உள்ள அமெரிக்க நட்சத்திர அடையாளத்தின் இரு பக்கமும் பட்டையும் இருக்கிறது, ஆகவே 1943 நடுப்பகுதிக்குப் பிந்திய படம். மூக்கில் 75 மில்லிமீட்டர் பீரங்கியின் ஓட்டை தெரிவதால் இது பி-25 எச் வகை. அப்படியானால் அடுத்த பக்கத்தில் மூக்கைத் தூக்கி நிற்கும் வேக்கோ கிளைடர்கள் எங்கே போகத் தயாராகின்றன என்பதும் ஓரளவு ஊகிக்கலாம். 1944 மார்ச் 5 ராத்திரி, பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிண்டிட் படையை (ஜப்பானியரின் பின்பக்கம் இறங்கிப் போரிட்ட படை) டகோட்டா விமானங்கள் இரண்டிரண்டு கிளைடராக இழுத்துக்கொண்டு அசாமில் உள்ள லாலாகாட்டிலிருந்து பர்மாவுக்குள் கொண்டுபோன படலம். இறங்கும் இடங்களுக்கு மேல் பறக்கக்கூடாது என்று விங்கேட் தடுத்திருந்தும், கடைசி நேரத்தில் ஏர் கமாண்டோ குழுவின் தலைவர் கொக்ரன் ஒரு மிட்செலை அனுப்பிப் படமெடுக்க வைத்தார். இறங்க இருந்த இடங்களில் ஒன்றான, பிக்காடிலி என்று பெயரிட்ட வெளி முழுக்க மரக்கட்டைகள். புறப்படும் நேரத்தில் ஓடுபாதையில் வைத்து அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எல்லாரையும் பிராட்வே என்ற இன்னொரு வெளிக்குத் திருப்பினார்கள். அப்போதுதான் கழுவி எடுத்த ஒரு பிரிண்ட் அத்தனை பேரின் திசையை மாற்றியிருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த மிட்செல்தான் என்று சொல்ல வரவில்லை, அதே குழுவின் விமானம், அவ்வளவுதான்.

நண்பன் இதே பிரிண்டை செல்போனில் எடுத்து ஒரு ஏஐ செயலியில் போட்டான். அது கோடுகள் இருந்த இடத்தில் அழகாக மூன்று ஜன்னல் வைத்துக் கொடுத்தது! கலர் வேறு. இதற்குத்தான் இத்தனை பாடு.

மிட்செலை இன்னும் முடிக்கவில்லை. போலரைசரால் கறுப்பு மேலும் அழுந்தியிருக்கிறது, அதை ரோ கோப்பில் (கமரா பதிந்த மூலத் தரவில்) தூக்க வேண்டும், மலிவுத் தாள் என்பதால் ஊதா நிறமும் கொஞ்சம் கசிகிறது. பச்சை சேனலை மட்டும் எடுத்தால் அது அடங்குகிறது. அதற்குள் மனது தண்டர்போல்ட் பக்கத்துக்குப் போய்விட்டது. அது பிரிட்டிஷ் விமானம். ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமல் இருக்கத் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகத்தில் பிரிட்டிஷ் விமானங்களின் வட்ட அடையாளத்தின் நடுச் சிவப்பை எடுத்துவிட்டு இரண்டு நீலமாக்கினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த இளநீலத்தையும் விமானத்தில் தீட்டியிருக்கும் வெள்ளைப் பட்டைகளையும் பிரித்துக் காட்ட முடியுமா என்று பார்க்க ஆசை. ஆனால் அந்தப் பக்கத்துப் படங்களைக் காகித மூலைகளில் செருகாமல் பசை போட்டே ஒட்டியிருக்கிறார் மனுஷன். கழற்றப் போவதில்லை, ஆல்பத்தை விரித்தபடியே எடுப்பேன். அதற்கு ஸ்டாண்டை உயர்த்த வேண்டும், உயர்த்தினால் வெளிச்சம் இன்னும் போதாது. கண்டியில் நல்ல எல்இடி பேனல், நிறம் சரியாகக் காட்டுவது, எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.